முதற்குறிப்பு இல்லாத பாட்டு: இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பும் தமிழிசைத் திறனாய்வின் சொல்மையப் போக்கும்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்பாடல் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் பாடல்வரிகளையே ஆய்வுப்பொருளாகக் கொள்கின்றன. இதனால் சொற்கள் இல்லாத இசைப்படைப்புகள் ஆய்வெல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் கருவியிசைத் தொகுப்பு அவ்வாறு விடுபட்ட படைப்புகளுள் முதன்மையானது. தமிழ் இசைமரபில் ஓர் உருப்படி எவ்வாறு பெயர் பெறுகிறது என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அத்தொகுப்பை ஆராய்கிறது. சொல்லை முதன்மையாகக் கொண்ட ஹிப்-ஹாப் இசையில் புகழ்பெற்ற ‘பீஸ்டி பாய்ஸ்’ குழுவினர் வெளியிட்ட சொல்லற்ற தொகுப்புகளும் ஒப்பீட்டு நிலையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கருவியிசை, இளையராஜா, முதற்குறிப்பு, மல்லாரி, தமிழிசை இயக்கம், ‘வீடு’ திரைப்படம், ஹிப்-ஹாப்.

1. முன்னுரை

2025 மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. தமிழ்ச் சூழலில் அந்நிகழ்வு பெருமிதத்தோடு பேசப்பட்டது. ஆயினும் அப்பேச்சில் பெரும்பகுதி படைப்பாளரின் சாதனையைப் பற்றியதாக இருந்ததேயன்றி, படைப்பின் இசையைப் பற்றியதாக அமையவில்லை. பாடல்வரி இல்லாத ஓர் இசைப்படைப்பைப் பற்றித் தமிழில் என்ன பேசுவது, எந்தச் சொற்களால் பேசுவது என்னும் இடர்ப்பாடு அங்கு வெளிப்பட்டது.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. ஏறத்தாழ 39 ஆண்டுகளுக்கு முன்னர் ‘ஹவ் டு நேம் இட்?’ வெளிவந்தபோதே அது தோன்றிவிட்டது. ‘இதற்கு எவ்வாறு பெயரிடுவது?’ என்பது அத்தலைப்பின் பொருள். இசை ஆர்வலரிடையே இத்தொகுப்பு நன்கு அறியப்பட்டது. எனினும் தமிழ்த் திறனாய்வில் அது பெற்ற இடம் மிகச் சிறியது. 2005இல் வெளிவந்த ‘திருவாசகம்’ சிம்பொனிய இசைப்படைப்புக்குக் கிடைத்த வரவேற்போடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். திருவாசகத்தில் மாணிக்கவாசகரின் சொற்கள் இருந்தன. தமிழாசிரியரும் சமய அறிஞரும் தமக்குப் பழக்கமான பனுவலின் வழியாக அந்த இசையை அணுக முடிந்தது. 1986ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தகைய வாயில் எதுவும் இல்லை.

இளையராஜாவின் பிற படைப்புகளினின்று இது தரத்தில் தாழ்ந்தது என்பதால் புறக்கணிக்கப்படவில்லை. தமிழ் ஆய்வு இசையை அடையாளங்காணும் முறையே இதற்கு இடமளிக்கவில்லை. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயர் பெறும் மூன்று வழிகள்

தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் விட்டுச்சென்ற பெருங்கொடைகளுள் ஒன்று பாட்டு முதற்குறிப்பு அகராதி. ஒரு செய்யுள் அதன் தொடக்கச் சொல்லால் அறியப்படும். சங்கப் பாடல்களில் இயற்பெயர் தெரியாத புலவர்கள் தம் பாடலில் இடம்பெற்ற தொடராலேயே பெயர் பெற்றனர். செம்புலப்பெயல்நீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். பாடியவரும் பாடலும் ஒருங்கே சொல்லுக்குள் அடங்கிய மரபு இது.

இசைமரபும் பெரிதும் இதனையே பின்பற்றுகிறது. கீர்த்தனையும் வர்ணமும் பல்லவியின் முதற்சொற்களால் சுட்டப்படுகின்றன. திரைப்பாடலுக்கும் முதல்வரியே பெயர். கச்சேரியில் வயலினோ புல்லாங்குழலோ தனித்து வாசிக்கப்படும்போதும் பெரும்பாலும் குரலுக்கு இயற்றப்பட்ட உருப்படிகளே இடம்பெறுகின்றன. வாய்ப்பாட்டைப் போலவே வாசிப்பது உயர்ந்த பாராட்டாகக் கருதப்படுகிறது. திருவண்ணாமலையிலோ அதனை ஒட்டிய வேங்கிக்காலிலோ ஒரு திருமண மண்டபத்தில் நாகசுரக் குழுவினர் திரைப்பாடலை வாசித்தால், கேட்போர் அதன் வரிகளைத் தாமே மனத்துக்குள் சேர்த்துக்கொள்வர். கருவி ஒலித்தாலும் கேட்கப்படுவது சொல்லே.

சொல் குறைந்த அல்லது சொல்லற்ற உருப்படிகளுக்கு வேறு இரு வழிகள் உண்டு. முதலாவது, இராகத்தால் பெயரிடுதல். பெரும்பகுதி சொற்கட்டுகளால் அமைந்த தில்லானாக்கள் தனஸ்ரீ தில்லானா என்றாற்போல இராகப் பெயரால் சுட்டப்படுவது வழக்கம். இரண்டாவது, நிகழிடத்தால் பெயரிடுதல். இதற்குச் சிறந்த சான்று மல்லாரி. கோயில் வீதியுலாவில் நாகசுரமும் தவிலும் இசைக்கும் மல்லாரிக்குப் பாடல்வரி இல்லை. தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என அது நிகழும் சடங்கே அதற்குப் பெயராகிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் வீதியுலாவைக் காணும் அடியவருக்கு அந்த இசையின் ‘பொருள்’ என்ன என்னும் ஐயம் எழுவதில்லை. சுவாமி புறப்படுகிறார் என்பதே அதன் பொருள்.

ஆகவே தமிழ் மண்ணில் சொல்லற்ற இசை இருந்ததில்லை என்று கூற இயலாது. அது சொல்லாலோ, இராகத்தாலோ, சடங்காலோ அடையாளம் பெற்றே இருந்தது. ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பின் பத்து உருப்படிகளும் இம்மூன்று வழிகளுக்கும் பிடிபடவில்லை. அவற்றில் பல்லவி இல்லை. அவற்றின் தலைப்புகள் இராகத்தைச் சுட்டவில்லை. சடங்குக்காகவோ திரைக்காட்சிக்காகவோ அவை இயற்றப்படவும் இல்லை. எனவே தொகுப்பின் தலைப்பாக அமைந்த வினாவை வெறும் சொல்விளையாட்டாகக் கொள்ளுதல் பொருந்தாது. தமிழ் இசைமரபின் பெயரிடும் முறை முழுவதும் அவ்வினாவில் சோதனைக்கு உள்ளாகிறது எனலாம்.

3. சொல்மேடையிலிருந்து சொல்லற்ற இசைக்கு

இளையராஜாவின் தொடக்கம் சொல்லின் ஆட்சி மிக்க ஒரு மேடையில் நிகழ்ந்தது. தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். ‘பாவலர் சகோதரர்கள்’ என அறியப்பட்ட அக்குழுவின் இசை, அரசியல் கருத்தை மக்களிடம் சேர்க்கும் ஊர்தியாக இருந்தது. மக்களுக்குத் தெரிந்த மெட்டு, அதில் ஏற்றப்பட்ட புதிய சொல், உடனடியான எதிர்வினை ஆகிய மூன்றும் அம்மேடையின் இயல்புகள். சொல் தெளிவாகக் கேட்காவிடில் இசைக்கு அங்கு வேலையில்லை.

பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றதும், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசை பயின்றதும், 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையுலகில் நுழைந்ததும் பரவலாக அறியப்பட்ட செய்திகள். இப்பின்னணியோடு நோக்கினால், பத்தாண்டுத் திரைப்பணிக்குப் பின் அவர் சொல்லை முற்றிலும் நீக்கி ஒரு தொகுப்பை அமைத்தது, தாம் வளர்ந்த இரு களங்களின் அடிப்படை விதியையும் விலக்கிவைத்த செயலாகும்.

சொல்லால் புகழ்பெற்றவர்கள் சொல்லை விலக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு அமெரிக்க ஹிப்-ஹாப் வரலாற்றில் பொருத்தமான ஒப்பீடு உண்டு. ஹிப்-ஹாப் இசையின் உயிர்நாடி ராப் எனப்படும் தாளக்கட்டுடைய சொல்லுரை. நியூயார்க்கைச் சேர்ந்த ‘பீஸ்டி பாய்ஸ்’ குழுவினரின் முதல் தொகுப்பும் 1986இலேயே வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் ராப் தொகுப்பு அதுவே. அக்குழுவினர் 1992, 1994ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் ராப் பாடல்களுக்கு இடையே தாமே கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றை இசைத்து ஃபங்க், ஜாஸ் வகைக் கருவியிசைத் துண்டுகளையும் சேர்த்தனர். விசைப்பலகையை மார்க் நிஷிட்டா இசைத்தார். அத்துண்டுகள் 1996இல் ‘தி இன் சவுண்ட் ஃபிரம் வே அவுட்!’ என்னும் தனித்தொகுப்பாயின. அத்தலைப்பும் அட்டை வடிவமும் பெர்ரி, கிங்ஸ்லி ஆகிய இருவரின் 1966ஆம் ஆண்டு மின்னணு இசைத்தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. 2007இல் வெளிவந்த ‘தி மிக்ஸ்-அப்’ தொகுப்போ பன்னிரண்டு உருப்படிகளும் கருவியிசையாகவே அமைந்தது. 2008இல் அதற்குக் கருவியிசைத் தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. இருந்தும் அக்குழுவைப் பற்றிய பேச்சில் அத்தொகுப்பு ஓர் இடைவேளையாகவே கருதப்படுகிறது. விருது பெற்றும் வரலாற்றின் ஓரத்தில் நிற்கும் நிலை அது.

இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. கேட்போர் தமக்குப் பழகிய குரலை எதிர்பார்த்து வருகின்றனர். குரல் வாராதபோது அதனைக் குறையாக உணர்கின்றனர். வேறுபாடும் உண்டு. ‘தி மிக்ஸ்-அப்’ தொகுப்பில் சொல் விலகினாலும் ஹிப்-ஹாப்பின் அடித்தளம் விலகவில்லை. ராப் இசைக்கலைஞர்கள் காலங்காலமாகத் துண்டெடுத்துப் பயன்படுத்திய ஃபங்க் தாளத்தையே அவர்கள் முழுமையாக இசைத்துக் காட்டினர். சொல்லுக்குக் கீழே எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்த அடுக்கு வெளியே தெரிந்தது. இளையராஜாவின் தொகுப்பிலும் இதற்கு இணையான செயல் நிகழ்கிறது. அவருடைய திரைப்பாடல்களின் இடையிசைகளில் சில நொடிகளே தோன்றி மறையும் தந்திக்கருவி உரையாடல், இங்கு முழு உருப்படியாக விரிகிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் ஒடுங்கியிருந்த பகுதி தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டது எனலாம்.

4. தலைப்புகளே பனுவல்

தொகுப்பில் எஞ்சியுள்ள சொற்கள் தலைப்புகள் மட்டுமே. அவற்றை ஒருசேர வைத்துப் படிக்கும்போது ஓர் உரையாடல் உருப்பெறுகிறது. ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’, ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’, ‘தியாகராஜரை வரவேற்கும் அறையிசை’, ‘ஒப்பிடாதே’, ‘நீ விடுதலையாக இருக்க இயலாது’, ‘எதையும் செய்’ எனத் தமிழில் பொருள்படும் தலைப்புகள் அவற்றுள் சில. ‘அது நிலைப்படுத்தப்பட்டது’, ‘வயலினுக்கான பயிற்சி’ என்பவை போன்றவை இசைத்தொழிலின் குறிப்புகளாக நிற்கின்றன.

இவற்றுள் முதலிரண்டு தலைப்புகளும் ஒரே தொடரின் இரு பகுதிகள். சந்திப்பு ஓர் உருப்படி. பேச்சு மற்றோர் உருப்படி. சந்திப்பு நிகழுமிடம் கருதத்தக்கது. இசைஞர் பாக்கின் இல்லம் தேடிச் செல்லவில்லை. பாக்கே இசைஞரின் வீட்டுக்கு வருகிறார். மேனாட்டு இசையைக் கற்கச் செல்லும் மாணவன் என்னும் நிலையை இத்தலைப்பு ஏற்கவில்லை. விருந்தோம்பும் இல்லத்தான் என்னும் நிலையை எடுத்துக்கொள்கிறது. தியாகராஜரும் அதே வீட்டுக்கு வரவேற்கப்படுகிறார். கச்சேரி மரபின் உரிமையாளராகத் தம்மைக் கருதாத ஒருவர், சிற்றூர் அரசியல் மேடையிலிருந்து வந்தவர், இருபெரும் மரபுகளின் முதல்வர்களைத் தம் வீட்டில் சமமாக அமரவைக்கிறார். இத்தொகுப்பு பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கப்பட்டது என்னும் செய்தியை இப்பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். காணிக்கையில் பணிவும் உண்டு, உரிமைக்கோரலும் உண்டு.

‘நீ விடுதலையாக இருக்க இயலாது’ என்பதும் ‘எதையும் செய்’ என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கட்டளைகள். இசையிலக்கணம் அறிந்தோருக்கு இம்முரண் புதிதன்று. இராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்குள் கட்டுண்டவருக்கே மனோதர்மம் என்னும் எல்லையற்ற வெளி கிடைக்கிறது. தொகுப்பின் கலைக்கொள்கை இவ்விரு தலைப்புகளுக்கிடையில் அடங்கியுள்ளது.

5. விருந்தினரோடு பேசும் முறை

‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்னும் உருப்படி, பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை அடிப்படையாகக் கொண்டது. அவ்விசையின் கையெழுத்துப்படி 1720ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடைவிடாது ஓடும் சிறுகால அளவுச் சுரங்களால் ஆனது அது. ஒற்றை வயலின் ஒரு வேளையில் பெரும்பாலும் ஒரு சுரத்தையே இசைத்தாலும், சுரங்கள் தாவும் முறையால் பல குரல்கள் உள்ளே மறைந்திருப்பதான உணர்வு எழுகிறது. இளையராஜா அந்த முன்னிசையை ஒலிக்கவிட்டு, அதனருகே வேறொரு வயலின் இழையையும் தந்திக்கருவிகளையும் சேர்க்கிறார். தொகுப்பின் வயலின் பகுதிகளை இசைத்தவர் வி.எஸ். நரசிம்மன்.

இச்செயலை மூலத்தைச் சிதைத்தல் எனக் கூறுவோர், பாக்கே இதனைச் செய்தவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதே முன்னிசையை அவர் 1731இல் ஒரு கன்டாட்டாவின் தொடக்க இசையாக ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்கும் விரித்தமைத்தார். தனி இழையைச் சுற்றிப் புதிய இழைகளை நெய்தல் அம்மரபுக்குள் ஏற்கப்பட்ட முறையே.

தமிழகத்தில் மேனாட்டு மெட்டோடு நிகழ்ந்த முந்தைய சந்திப்பையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளை எடுத்து நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். அம்மெட்டுகள் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தன. அவற்றுக்குத் தீட்சிதர் வடமொழிச் சொற்களை அளித்தார். அயல் மெட்டு நம் இசையுலகுக்குள் நுழையச் சாகித்தியம் நுழைவுச்சீட்டாக அமைந்தது. 1986இல் சங்கராபரணத்துக்கு இணையான மேஜர் சுரவரிசையிலுள்ள பாக்கின் முன்னிசை மீண்டும் தமிழகத்துக்கு வந்தபோது, அதற்குச் சொல் கேட்கப்படவில்லை. பதிலுக்கு மற்றோர் இழையே தரப்பட்டது. சொல்லைக் கொடுத்து உள்வாங்குவதும், இழையைக் கொடுத்து உரையாடுவதும் இருவேறு பண்பாட்டு முறைகள். இவ்வேறுபாடே தொகுப்பின் வரலாற்று இடத்தைத் தீர்மானிக்கிறது.

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்னும் உருப்படி இன்னும் கடினமான சிக்கலை எடுத்துக்கொள்கிறது. ஃபியூக் என்பது ஒரு கருப்பொருளை ஓர் இழை முதலில் கூற, மற்றோர் இழை அதனை ஐந்தாம் சுரநிலையிலிருந்து திருப்பிக்கூற, இழைகள் அடுக்கடுக்காக வளரும் அமைப்பு. இராக இசையின் அடிப்படை விதியோடு இவ்வமைப்பு மோதுகிறது. இராகத்துக்கு ஆதார சுருதி ஒன்றே, அது நகராது. கருப்பொருள் பஞ்சமத்திலிருந்து அப்படியே திரும்பக் கூறப்பட்டால் சுரங்கள் மாறும். காட்டாக, சங்கராபரணத்தின் முழுச் சுரவரிசையையும் தழுவும் ஒரு பிடியைப் பஞ்சமத்துக்கு நகர்த்தினால் பிரதி மத்திமம் நுழைந்து, கேட்போருக்குக் கல்யாணியின் சாயல் தோன்றும். ஃபியூக்கில் இயல்பாகிய நகர்வு இராக இசையில் இராகத்தையே மாற்றிவிடும்.

இத்தோடு கமகமும் ஓர் இடராகிறது. மேனாட்டு ஒத்திசையில் பல சுரங்கள் ஒரே வேளையில் நிலையாக நின்றால்தான் அவற்றின் உறவு புலப்படும். கமகமோ சுரத்தை அசைத்து, அண்டைச் சுரங்களைத் தொட்டு மீள்வது. ஓர் இழை அசையும்போது மற்றோர் இழை எங்கு நிற்பது? இத்தொகுப்பின் உருப்படிகளைக் கூர்ந்து கேட்டால், இவ்வினாவுக்கு ஒற்றை விடை கூறப்படவில்லை என்பது தெரியும். சில இடங்களில் கமகம் தனி வயலினுக்கு விடப்பட்டு, பிற தந்திகள் நேர்ச்சுரங்களில் நிற்கின்றன. சில இடங்களில் கமகம் அடங்கி, இழைகளின் பின்னல் மேலோங்குகிறது. இரண்டும் கலந்துவிட்டன எனச் சொல்வதைக் காட்டிலும், மாறிமாறி வழிவிட்டு நிற்கின்றன எனச் சொல்வதே பொருந்தும். ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’ என்னும் தலைப்பின் பொருத்தமும் இதுவே. உரையாடலில் ஒருவர் பேச, மற்றவர் கேட்க வேண்டும். நரசிம்மன் பின்னாளில் அமைத்த ‘மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்’ குழு கருநாடக உருப்படிகளை மேனாட்டு ஒத்திசையோடு இசைத்தது, இவ்வுரையாடல் ஒரு தொகுப்போடு முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

6. எது தமிழிசை?

1941இல் சிதம்பரத்தில் நிகழ்ந்த தமிழிசை மாநாடும் 1943இல் சென்னையில் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கமும் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடத்தைக் கோரின. தெலுங்கு, வடமொழி உருப்படிகளே கோலோச்சிய சூழலில் அக்கோரிக்கை நேரியது, தேவையானது. ஆனால் அதன் எதிர்பாரா விளைவாக, ஓர் இசை தமிழிசையா என்பதைச் சாகித்தியத்தின் மொழியைக் கொண்டே முடிவுசெய்யும் பழக்கம் வேரூன்றியது.

இவ்வளவுகோலால் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பை அளக்க இயலாது. திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகராஜருக்கு இத்தொகுப்பு வணக்கம் செலுத்துகிறது. ஆயினும் ஒரு தெலுங்குச் சொல்லும் அதில் இல்லை. செருமானிய பாக்கை வரவேற்கிறது. செருமானியச் சொல்லும் இல்லை. தமிழ்ச் சொல்லும் இல்லை. மொழிப்பூசல் நிகழ்ந்த களத்திலிருந்து மொழியை விலக்கிவிட்டு, இசைமுறை எஞ்சுமா என்று அது சோதித்துப் பார்க்கிறது.

தமிழிசை ஆய்வின் மூலநூல்கள் இச்சோதனைக்கு ஆயத்தமாகவே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) சுருதிக் கணக்கை மையமாகக் கொண்டது. விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) வழக்கொழிந்த ஒரு கருவியின் நரம்புகளையும் அவற்றின் சுரநிலைகளையும் ஆராய்ந்தது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை இசையாசிரியனையும் கவிஞனையும் தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்களையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொருவரின் புலமையையும் தனித்தே வரையறுக்கிறது. கருவியாசிரியனுக்குக் கவிஞனுக்கு இணையான இடம் தந்த மரபு நம்முடையது. பாடல்வரி ஆய்வே இசையாய்வு என்னும் சுருக்கம் பிற்காலத்தது. எனவே இத்தகைய தொகுப்புகளை ஆராயத் தமிழுக்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. தன் பழைய கருவிகளை மீண்டும் கையிலெடுப்பதே போதும்.

7. நிகழிடம் கிடைத்தபோது

தொகுப்புக்கு இல்லாதிருந்த நிகழிடம் 1988இல் வாய்த்தது. பாலு மகேந்திரா தம் ‘வீடு’ திரைப்படத்துக்கு இத்தொகுப்பின் இசையையே பின்னணியாகப் பயன்படுத்தினார். பாடல்களே இல்லாத அப்படம் சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதையும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதையும் பெற்றது. நடுத்தர வருவாய்ப் பெண்ணொருத்தி தன் குடும்பத்துக்கெனச் சிறுவீடு கட்ட முயன்று படும் இடர்களே கதை. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற முதியவர், கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்க வந்து சுவர்களைத் தொட்டுத் தொட்டு நடக்கும் காட்சி பலராலும் நினைவுகூரப்படுவது. அங்கு உரையாடலுக்கு இடமில்லை. சொல்லால் கூறியிருந்தால் மிகையாகியிருக்கும் உணர்வு, இசையிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இப்பயன்பாடு தொகுப்பின் பொருண்மையை மாற்றியது. சடங்கு மல்லாரிக்குப் பெயர் தந்ததுபோல், திரைக்காட்சி இவ்விசைக்கு ஒரு பொருளைத் தந்தது. பலருக்கு இன்று இவ்விசை முடியாத வீட்டின் இசை. பெயரற்றதாகப் பிறந்த படைப்பு நிகழிடத்தால் பெயர் பெறும் பழைய மரபுக்குள் மீண்டும் வந்துசேர்ந்தது. இதனைத் தொகுப்பின் தோல்வி எனக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே இசை பாக்கோடு நிகழ்ந்த உரையாடலாகவும், சென்னைப் புறநகரில் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அலையும் பெண்ணின் தவிப்பாகவும் நிற்க முடிந்தது என்பதே அதன் வலிமை. சொல்லோடு பிறந்த பாடலுக்கு இந்நெகிழ்ச்சி எளிதில் வாய்ப்பதில்லை.

8. மறுதலைப் பார்வை

இத்தொகுப்பின் மீதான மதிப்பீடு அதன் வரம்புகளையும் கூற வேண்டும். முதலாவதாக, எஞ்சிய சொற்களாகிய தலைப்புகள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளன. மொழியை விலக்கிய படைப்பு, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆங்கிலத்தைத் தேர்ந்ததால், தமிழ் வாசகருக்கும் அதற்கும் இடையிலான தொலைவு கூடியது. ‘இதற்கு எவ்வாறு பெயரிடுவது?’ என்று தமிழில் கேட்கப்பட்டிருந்தால், தமிழ்த் திறனாய்வு விடைகூறக் கடமைப்பட்டிருக்கும்.

இரண்டாவதாக, காணிக்கையிலும் தலைப்புகளிலும் இடம்பெற்ற முன்னோர் இருவருமே செவ்வியல் மரபினர். ‘பீஸ்டி பாய்ஸ்’ தம் கருவியிசை உருப்படி ஒன்றுக்கு ‘குரூவ் ஹோம்ஸ்’ என்னும் ஆர்கன் கலைஞரின் பெயரையே சூட்டினர். வெகுமக்கள் அரங்கில் வாசித்த முன்னோருக்குச் செய்த நேரடி மரியாதை அது. ‘ஹவ் டு நேம் இட்?’ தலைப்புகளில் பறைக்கோ, நையாண்டி மேளத்துக்கோ, பாவலர் மேடையின் ஆர்மோனியத்துக்கோ அத்தகைய இடம் தரப்படவில்லை. வீட்டுக்கு அழைக்கப்பட்ட விருந்தினர் யாவர் என்பதோடு, அழைக்கப்படாதோர் யாவர் என்பதும் திறனாய்வுக்குரிய வினா.

மூன்றாவதாக, சொல்லின்மையை ஆன்மிக மௌனமாகக் கொள்ளும் போக்கு தவிர்க்கத்தக்கது. இளையராஜா இரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்டவர் என்பதும், ‘ரமண மாலை’ பாடல்களைத் தந்தவர் என்பதும் உண்மை. ஆனால் திருவண்ணாமலையின் மௌனத்தை இத்தொகுப்பின் மேல் ஏற்றிக் கூறுவது, இசையை விளக்காமலே விளக்கிவிட்டதான நிறைவைத் தருவதன்றி வேறு பயன் தராது. இத்தொகுப்பில் மௌனம் இல்லை. இழைகள் ஓயாது பேசுகின்றன, குறுக்கிடுகின்றன, வாதிடுகின்றன. சொல் இல்லை என்பதால் பேச்சு இல்லை என்றாகாது.

‘ஒப்பிடாதே’ என்னும் தலைப்பும் திறனாய்வாளரைக் கட்டுப்படுத்தாது. பாக்கையும் தியாகராஜரையும் ஒரே வீட்டில் அமர்த்திய பிறகு ஒப்பீட்டைத் தவிர்க்கச் சொல்வது படைப்பாளரின் விருப்பமாக இருக்கலாம். கேட்போரின் கடமையாக இயலாது.

9. முடிவுரை

‘ஹவ் டு நேம் இட்?’ தமிழ்த் திறனாய்வில் விடுபட்டமைக்குக் காரணம் அதன் அருமையின்மையன்று. முதற்குறிப்பால் அடையாளங்காணும் பழக்கத்துக்கு அது பிடிபடாமையே. சொல், இராகம், நிகழிடம் என்னும் மூன்று பெயரிடும் வழிகளுக்கும் வெளியே நின்று, அவ்வழிகள் இருப்பதையே இத்தொகுப்பு வெளிப்படுத்தியது. அயலிசைக்குச் சொல் தந்து உள்வாங்கிய தீட்சிதரின் முறையிலிருந்து, இழை தந்து உரையாடும் முறைக்கு நிகழ்ந்த மாற்றத்தை இது குறிக்கிறது. பாவலர் மேடையில் தொடங்கிய ஓர் இசைவாழ்வு சொல்லுக்கு அப்பால் சென்று பார்த்த இடமும் இதுவே.

இளையராஜாவின் புல்லாங்குழல் தொகுப்பாகிய ‘நத்திங் பட் விண்ட்’ (1988), நரசிம்மனின் குழுவிசை, திரைப்படங்களின் பின்னணியிசை ஆகியவை இதே நோக்கில் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை. தமிழ்த்துறைகளில் திரையிசை குறித்து மேற்கொள்ளப்படும் முனைவர்ப்பட்ட ஆய்வுகள் பாடல்வரியோடு நின்றுவிடாமல் சுரக்குறிப்பையும் கருவியமைப்பையும் தரவாகக் கொள்ளத் தொடங்கினால், பண்டிதரும் விபுலாநந்தரும் திறந்துவைத்த வழி மீண்டும் புழக்கத்துக்கு வரும்.